ரங்கூன் ஏரியில் நகராத பொற்படகு

பர்மாவின் பழைய தலைநகரான ரங்கூனுக்குச் செல்லும் பயணிகள் இரண்டு பொன்னிறக் காட்சிகளைக் காணாமல் திரும்புவது அரிது. ஒன்று, ஷ்வேடகோன் தூபி. மற்றது, அத்தூபிக்குக் கிழக்கே உள்ள கண்டோஜி ஏரியின் கீழ்க்கரையில் நிற்கும் கரவெய்க் என்னும் மாபெரும் படகு. தூபியைப் பற்றி எழுதப்பட்டவற்றுக்குக் கணக்கில்லை. படகைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதனுள்ளே பரிமாறப்படும் இரவு விருந்தையும், விருந்தின்போது நடக்கும் ஆடல், பொம்மலாட்டம் முதலியவற்றையும் பற்றி எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கின்றனர். நாம் 2019 டிசம்பரில் அங்கு சென்றபோது விருந்துக்கு அமரவில்லை. இரண்டு மாலைப்பொழுதுகள் கரையில் இருந்து அதைப் பார்த்தோம். எமது வாசகர்களுக்குச் சொல்லத்தக்க செய்திகள் விருந்து மண்டபத்துக்கு வெளியேதான் கிடைத்தன.

1989இல் அன்றைய இராணுவ அரசு பர்மாவை மியன்மார் என்றும், ரங்கூனை யங்கோன் என்றும் அறிவித்தது. 2005இல் தலைநகரையும் நேப்பியிடோவுக்கு மாற்றிவிட்டது. ஆயினும் எம்மவர் வாயில் அது என்றும் ரங்கூன்தான். இக்கட்டுரையிலும் அப்படியே இருக்கட்டும்.

கரவெய்க்கைத் தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு அது மிதப்பதாகவே தோன்றும். இரண்டு பெரும் பறவைகள் ஒன்றையொன்று ஒட்டி நீந்துவதுபோன்ற அமைப்பு. நிமிர்ந்த கழுத்துகளும் முடிசூடிய தலைகளும் வானை நோக்கியிருக்கின்றன. அவற்றின் முதுகின்மீது, அடுக்கடுக்காகக் குறுகி உயரும் கூரையுடைய மண்டபம். பர்மிய அரண்மனைகளிலும் மடாலயங்களிலும் காணப்படும் 'பியாத்தாட்' என்னும் கூரை அது. அருகே சென்றால் மயக்கம் தெளிந்துவிடும். மரத்தால் ஆன படகன்று. ஏரியின் அடித்தரையிலிருந்து எழுப்பப்பட்ட கொங்கிறீற் கட்டடம். ஊ ங்வே ஹிலைங் என்னும் பர்மியக் கட்டடக் கலைஞர் வடிவமைக்க, 1972 ஜூனில் வேலை தொடங்கி 1974 ஒக்ரோபரில் முடிவுற்றது. கட்டடமா, சிற்பமா என்று கேட்டால், உள்ளே இருப்பவருக்கு அது உணவுச்சாலை, கரையில் நிற்பவருக்குச் சிற்பம் என்றுதான் விடை கூறவேண்டும். சிற்பமாகப் பார்க்கும்போது அது அழகானதே. வளைந்த கழுத்துகளின் வீச்சைக் கொங்கிறீற்றில் கொண்டுவந்த கைத்திறனைக் குறைகூற நாம் யார்! ஆனால் நீரின் மீதிருந்தும் நீரின் அசைவு சிறிதும் அதில் இல்லை. மாலைக்காற்றில் ஏரி முழுவதும் அலைய, அது மட்டும் அசையாதிருப்பது சற்று நேரத்தில் கண்ணை உறுத்தத் தொடங்குகிறது.

ஏரியும் இயற்கையானதன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் நகரின் குடிநீருக்காக அமைக்கப்பட்டு, 'றோயல் லேக்' என வழங்கப்பட்டது. வடக்கேயுள்ள இன்யா ஏரியிலிருந்து குழாய்கள் வழியாக இதற்கு நீர் வந்தது. அந்த இன்யா ஏரிக்கரையில்தான் 1988 மார்ச் 16ஆம் நாள் ஊர்வலமாக வந்த மாணவர்களைக் காவற்படையினர் அடித்து நீரில் தள்ளினர். அன்றுவரை வெள்ளைப் பாலம் எனப்பட்ட அவ்விடத்துக்கு மக்கள் சிவப்புப் பாலம் என்று பெயரிட்டனர். கண்டோஜியின் வடகரையில் விடுதலைத் தலைவர் ஆங் சானின் வெண்கலச் சிலை நிற்கிறது. ஆக, இந்த ஏரிக்கரையில் நாட்டைப் பெற்றுத்தந்தவருக்கு ஒரு சிலை. மன்னர் காலப் பெருமைக்கு ஒரு படகு.

இனி, அந்தப் பறவையைப் பற்றி. பாளியில் கரவீகம், வடமொழியில் கலவிங்கம் எனப்படும் பறவையே பர்மிய மொழியில் கரவெய்க் ஆயிற்று. குரலினிமைக்குப் பேர்பெற்றது. மகாபுருடருக்குரிய முப்பத்திரண்டு இலக்கணங்களைக் கூறும் பௌத்த நூல்கள், புத்தரின் குரலைக் கரவீகத்தின் குரலோடு ஒப்பிடுகின்றன. பாளி உரைநூல்களில் ஒரு கதை உண்டு. அசோகனின் அரசி அசந்திமித்தா இப்பறவையின் குரலைக் கேட்க விரும்பினாள். அரசன் பொற்கூண்டு அனுப்பிப் பறவையை வரவழைத்தான். ஆனால் அரண்மனைக்கு வந்த பறவை வாய் திறக்கவில்லை. எப்போது பாடும் என்று விசாரித்தபோது, தன் இனத்தைக் கண்டாலன்றிப் பாடாது என்று தெரியவந்தது. கூண்டைச் சுற்றிலும் கண்ணாடிகளை வைத்தனர். அவற்றில் தன் உருவையே கண்ட பறவை, உறவினர் வந்துவிட்டனர் என்று எண்ணிச் சிறகு விரித்துப் பாடியது. கேட்ட அரசி, இப்பறவையின் குரலே இத்தனை இனிதாயின் புத்தரின் குரல் எப்படி இருந்திருக்கும் என்று நினைந்து உருகி, மெய்ஞ்ஞானத்தின் முதற்படியை அடைந்தாள் என்று கதை முடிகிறது.

உரையாசிரியருக்கு அரசியின் ஞானமே முக்கியம். எமக்கு அந்தக் கண்ணாடிகளே நினைவில் நிற்கின்றன. ஐரோப்பிய நகரங்களில் வாடகை மண்டபங்களில் நடக்கும் எமது கலைவிழாக்களைப் பார்த்திருப்போருக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை.

கரவெய்க்குக்கு மாதிரியாக அமைந்தது பர்மிய மன்னர்களின் பியிஜிமோன் என்னும் அரச படகு. மன்னர் விழாக்களில் பவனிவந்த படகு அது. அந்த அரச மரபின் கடைசி மன்னர் தீபா. 1885 நவம்பரில் ஆங்கிலப் படை மண்டலேயைப் பிடித்தபோது, அவர் அரச படகில் ஏறவில்லை; ஐராவதி ஆற்றில் காத்திருந்த ஆங்கிலேயரின் நீராவிக் கப்பலில் ஏற்றப்பட்டார். ரங்கூன் வந்து, அங்கிருந்து கடல் கடந்து டிசம்பரில் அவரும் அரசி சுபயலாத்தும் கொண்டுசேர்க்கப்பட்ட இடம் எது தெரியுமா? சென்னை. சில மாதங்கள் அங்கே வைக்கப்பட்டு, 1886 ஏப்ரலில் மேற்குக் கரையிலுள்ள இரத்தினகிரிக்கு மாற்றப்பட்டார். முப்பது ஆண்டுகள் நாடு திரும்பாமலே 1916இல் அங்கே இறந்தார். பர்மாவின் கடைசி மன்னர் நாடிழந்து முதலில் கால்வைத்த அயல் மண் தமிழ்மண் என்பது எம்மவருள் பலர் அறியாத செய்தி.

இதற்கு ஒரு தலைமுறைக்கு முன்னரே எதிர்த்திசையில் இன்னொரு மன்னர் வந்திருந்தார். டில்லியின் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா சாபரை ஆங்கிலேயர் 1858இல் ரங்கூனுக்கு நாடுகடத்தினர். 1862இல் அங்கே இறந்த அவரை அடையாளமின்றிப் புதைத்தனர். அவரது கல்லறை 1991இல்தான், நிலத்தைத் தோண்டும்போது கண்டுபிடிக்கப்பட்டது. ஷ்வேடகோனுக்கு அண்மையில் இன்று அவருக்கு ஒரு தர்கா உள்ளது. இந்திய மன்னரைப் பர்மாவுக்கும், பர்மிய மன்னரை இந்தியாவுக்கும் அனுப்பிவைத்த சாம்ராச்சியத்தின் கணக்குவழக்கு வியப்புக்குரியதுதான்.

மன்னர்களை ஏற்றிய அதே வங்கக் கடலில்தான் எம்மவரும் போனார்கள். தமிழருக்கும் பர்மாவுக்கும் உள்ள தொடர்பு பழையது. பகானில் பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, நானாதேசி வணிகரின் விண்ணகரத்துக்கு மண்டபமும் விளக்கும் அளித்த செய்தியைச் சொல்கிறது. ஆனால் பெருந்தொகையாக மக்கள் சென்றது ஆங்கிலேயர் காலத்தில். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் நீராவிக் கப்பல்களின் மேற்றளத்தில் நெருங்கிக் கிடந்து ரங்கூன் துறையில் இறங்கினார்கள். 1931ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ரங்கூனின் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். பர்மா முழுவதிலும் அவர்கள் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் கூறவேண்டும். பர்மியரின் சினம் காரணமற்றதன்று. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் நெல்விலை சரிந்தபோது, கடனை அடைக்க முடியாத உழவரின் நிலங்கள் செட்டியார் வட்டிக்கடைகளின் கைக்கு மாறின. 1938இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது. வட்டிக்கடைக்காரரே நிலத்தை விரும்பினார் என்பதற்கில்லை. நெல்விலை அவரையும் விழுங்கியது. ஆனால் நிலமிழந்த உழவனிடம் அந்த நுணுக்கத்தை யார் விளக்குவது? கோபம் பேரேட்டில் பிறந்தது. அடி விழுந்தது கூலிக்காரர் முதுகில். 1930 மே மாதத்தில் ரங்கூன் துறைமுகத்தில் தாக்கப்பட்டோர் பெரும்பாலும் தெலுங்குத் தொழிலாளர். 1938இல் மீண்டும் கலவரம். 1942இல் ஜப்பானியர் வந்தபோது ஐந்து இலட்சம் வரையிலான இந்தியர் நாட்டைவிட்டு வெளியேறினர். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் காடும் மலையும் கடந்து நடந்தனர். பல்லாயிரவர் வழியிலேயே மடிந்தனர்.

போருக்குப் பின் திரும்பி வந்தோரும், போகாமலே இருந்தோரும் மீண்டும் கடை திறந்தார்கள். 1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964 மார்ச்சில் மொத்த வணிகமும் சில்லறைக் கடைகளும் அரசுடைமையாயின. மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் நாணயத்தாள்கள் செல்லாதென அறிவிக்கப்பட்டன. பெட்டியில் பணம் வைத்திருந்தவர் ஒரே நாளில் காகிதம் வைத்திருப்பவரானார். தொடர்ந்து வந்த ஆண்டுகளில் மூன்று இலட்சம் இந்தியர் வெளியேறினர் என்பது பொதுவான மதிப்பீடு. பிறந்தது முதல் சேர்த்த பொருளில் சிறு பகுதியையே எடுத்துச்செல்ல அனுமதி இருந்தது.

அதே 1964இல், ஒக்ரோபர் 30ஆம் நாள், சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் புதுடில்லியில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். இலங்கையின் மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும், எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர் பார்க்கலாம் என்றது ஒப்பந்தம். சம்பந்தப்பட்ட மக்களை எவரும் கேட்கவில்லை. கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்த இருசாராரும் தமிழ்நாட்டுப் பதிவேட்டில் ஒரே பெயரைப் பெற்றனர்: தாயகம் திரும்பியோர். பலர் அந்தத் தாயகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தனர். இவர்களின் மறுவாழ்வுக்கென இந்திய அரசு 1969இல் நிறுவிய ரெப்கோ வங்கி இருசாராருக்கும் பொதுவானது. சென்னைக் கடற்கரைச் சாலையில் உள்ள பர்மா பஜாரும் அதே ஆண்டில் தோன்றியது. மணிப்பூரின் எல்லை நகரமான மோரேயில் ஒரு தமிழ்க் குடியிருப்பு இருப்பதும் இந்தக் கதையின் ஒரு கிளைதான்.

இவ்வாறு கப்பல் கப்பலாக மக்களை அனுப்பிய அரசு, அந்த வேலை ஓரளவு ஓய்ந்தபின், ஏரியில் ஒரு கப்பலைக் கட்டியது. 1970 முதல் வெளிநாட்டார்க்கு ஏழு நாள் விசா வழங்கப்பட்டது. வந்தவர்களுக்கு மன்னர் காலப் பெருமையைக் காட்ட ஓர் இடம் வேண்டியிருந்தது. படகு முடிவுற்ற 1974ஆம் ஆண்டை நினைவுகூர்வது தகும். அவ்வாண்டின் நடுப்பகுதியில் அரிசித் தட்டுப்பாட்டால் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். துப்பாக்கிச் சூடு நடந்தது. உலகின் பெரிய அரிசி ஏற்றுமதி நாடாக விளங்கிய பர்மாவில்! நவம்பர் 25ஆம் நாள், ஐக்கிய நாடுகள் சபையின் முன்னாள் பொதுச் செயலாளர் ஊ தாண்ட் நியூயோர்க்கில் காலமானார். உடல் ரங்கூன் வந்தபோது அரசு மரியாதை எதுவும் தரப்படவில்லை. டிசம்பர் 5ஆம் நாள் மாணவர்கள் சவப்பெட்டியைத் தூக்கிச்சென்று, 1962இல் இராணுவம் வெடிவைத்துத் தகர்த்த தமது சங்கக் கட்டடம் இருந்த இடத்திலேயே கல்லறை எழுப்பத் தொடங்கினர். டிசம்பர் 11இல் படை புகுந்தது. கரவெய்க் முடிவுற்று அப்போது ஏறத்தாழ இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. ஊ தாண்டின் கல்லறை இப்போது ஷ்வேடகோனின் தென்புறச் சாலையில், நாடுகடத்தலிலிருந்து திரும்பி 1925இல் ரங்கூனில் இறந்த சுபயலாத்தின் கல்லறைக்கு அயலில் உள்ளது.

இவற்றையெல்லாம் எமக்கு இடங்காட்டிக் கூட்டிச்சென்றவர் அறுபத்தேழு வயதான ஒரு தமிழர். பெயர் எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அனவ்ரதா வீதியில், 1871இல் தமிழர் கட்டிய காளி கோவிலின் வாசலில் அவரைச் சந்தித்தோம். எமது பேச்சைக் கேட்டதும், "ஐயா சிலோனா?" என்றார். அவரது தமிழ் தஞ்சாவூர்த் தமிழ். எண்ணிக்கை மட்டும் பர்மிய மொழியில் வந்தது. அவருடைய தந்தை மொகல் தெருவில் துணிக்கடை வைத்திருந்தவர். கடை போனபின், 1965இல் பெற்றோரும் மூத்த அக்காவும் கப்பலேறினர். பதின்மூன்று வயதான இவரைப் பள்ளி ஆண்டு முடியட்டும், அடுத்த கப்பலில் வரட்டும் என்று தாய்மாமனிடம் விட்டுச் சென்றனர். அடுத்த கப்பலின் பட்டியலில் இவர் பெயர் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. பின்னர் மாமன் மகளைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார்.

1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், முதலாம் ஆங்கில-பர்மியப் போருக்கு முந்திய 1823ஆம் ஆண்டுவரை அந்நாட்டில் நிலைபெற்றிருந்த இனங்களையே இயல்பான குடிமக்களாகக் கொள்கிறது. மற்றோர்க்கு இரண்டாந்தர, மூன்றாந்தரக் குடியுரிமை. அட்டையின் நிறமே தரத்தைச் சொல்லிவிடும். இவர் தம் அட்டையை எடுத்துக் காட்டினார். "நாலு தலைமுறை ஆச்சு ஐயா. இன்னும் என்னை எந்த ஊர்க்காரன்னு கேக்குறாங்க," என்றார். பின்னர், எம்மை வருத்திவிட்டதாக நினைத்தோ என்னவோ, "உங்க அட்டை என்ன நிறம்?" என்று சிரித்தார். எமது பயணப் பத்திரத்தைக் காட்டினோம். இருவரும் சற்றுநேரம் ஒருவர் அட்டையை மற்றவர் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

துறைமுகத்தருகே ஸ்ட்ராண்ட் வீதியில் அவருடன் நடந்தபோது, கப்பலேறிப் போனவர்களுக்கு ஒரு நினைவுக்கல்லாவது உண்டா என்று தேடினோம். எமது கண்ணில் எதுவும் படவில்லை. மன்னரின் படகுக்கு அத்தனை கொங்கிறீற் செலவிட்டவர்கள் இந்தத் துறைக்கு ஒரு கல்லைக் கொடுத்திருக்கலாம்.

ஆண்டு தவறாமல் அக்காவின் கடிதம் வந்துகொண்டிருந்ததாம். சில வருடங்களாக இல்லை. வியாசர்பாடி முகவரி ஒன்றை எழுதித் தந்தார். கரவெய்க்கின் எதிரே அவரை நிறுத்திப் படமெடுத்தோம். படகுக்குப் பின்னே மேற்கில் தூபியும் விழும்படி நிற்கவேண்டும் என்று இடம் தேர்ந்தவர் அவரே. 2020 ஜனவரியில் சென்னையில் அந்த முகவரியைத் தேடிப்போனோம். அதன்பின் பெருந்தொற்று வந்தது. 2021 பெப்ரவரி 1ஆம் நாள் பர்மாவில் மீண்டும் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. புதிய அகதிகள் தாய்லாந்து எல்லையையும் மிசோரத்தையும் நோக்கி நடந்தனர். பெரியவருடன் எமக்கிருந்த தொலைபேசித் தொடர்பும் அவ்வாண்டிலேயே அறுந்துபோயிற்று. ஆதலால் அந்தச் சென்னைப் பயணம் காலத்தில் நிகழ்ந்தது என்றே கொள்கிறோம்.

வியாசர்பாடியில் வீடு மாறியிருந்தது, தெரு மாறவில்லை. முனையில் அத்தோ விற்கும் தள்ளுவண்டியில் விசாரித்தோம். பர்மாக்காரக் கிழவி என்றதும் வழி சொன்னார்கள். அக்காவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. கை நடுக்கத்தால் கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டாராம். தம்பியின் படத்தைக் கொடுத்தோம். முகத்தை உடனே அடையாளம் கண்டுகொண்டார். அப்பா மாதிரியே ஆகிவிட்டான் என்று அழுதார். பிறகு படத்தைக் கண்ணருகே கொண்டுபோய், "இது எந்த ஊர்லே எடுத்தது?" என்று கேட்டார்.

ரங்கூன் ஏரிக்கரை என்றோம். இல்லையென்று தலையாட்டினார். அந்த ஏரிக்கரை தனக்குத் தெரியாதா, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பா கூட்டிப்போவாரே, அங்கே இப்படி ஒன்று கிடையாது என்று உறுதியாகச் சொன்னார். அவர் சென்றது 1965இல். படகு வந்தது 1974இல் என்று நாம் விளக்கினோம். அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. கட்டைவிரலால் அந்தப் பொற்படகை மறைத்தார். எஞ்சிய நீரையும், அதற்கப்பால் சிறிதாகத் தெரிந்த தூபியையும் நெடுநேரம் பார்த்தார்.

"ஆமா, இது அதான்," என்றார். படத்தின் ஓரத்தில், தம்பி நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி விரலை வைத்து, அங்கேதான் வேகவைத்த கடலை விற்பார்கள் என்றார்.